கல்லில் நில்லாத குரல்

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் உத்தரமேரூர். குடவோலைச் சாஸனத்தைக் காணவே அங்குச் சென்றேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 921-இல் வெட்டிய எழுத்துக்கள் இன்றும் நிற்கின்றன. சபையில் அமர்வோனுக்கு 35 வயதேனும் ஆகியிருத்தல் வேண்டும். கால் வேலி நிலம் வேண்டும். மந்திரப் பிராமணத்தைத் தான் அறிந்தால் போதாது, பிறருக்கு ஓதுவித்தும் இருத்தல் வேண்டும்!

அன்று மாலை ஒரு வீதியில் துக்க வீடு. திண்ணையில் முதியவர் ஒருவர் மோகன ராகத்தில் திருவாசகம் ஓதிக்கொண்டிருந்தார். பேரன் அதைக் கைப்பேசியில் பதிவு செய்தான். "தாத்தாவைப் போல் ஓத எங்கள் வீட்டில் வேறு யாருமில்லை, ஐயா" என்றான்.

எனக்கு ஸ்பெயின் தேசத்து விக்டோரியா பாதிரியாரின் நினைவு வந்தது. 1603-இல் பேரரசி மரியா மறைந்தபோது, அவர் ஆறு குரல்களுக்கு இரங்கல் வழிபாட்டிசை அமைத்தார். பழைய ஒற்றைக் குரல் ஓதலும், பல குரல் பின்னிய இசையும் அதில் மாறி மாறி வரும். 1605-இல் மாட்ரிட் நகரில் அது ஸ்வரக் குறிப்புடன் அச்சேறியது. அதனால்தான் இன்றைய பாடகர்களும் அதைப் பாடி இசைத்தட்டில் பதிக்கிறார்கள். இந்தத் திண்ணை ஓதலுக்கோ காதுதான் ஏடு.

"பதிந்தது நல்லது, தம்பி. நீயும் கூடவே ஓதக் கூடாதா?" என்றேன்.

முதியவர் காதில் அது விழுந்தது. அடுத்த பாட்டின் முதற்சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு நிறுத்தினார். பையன் சற்றுத் தயங்கினான். பிறகு கைப்பேசியைத் திண்ணையில் வைத்துவிட்டு வாய் திறந்தான்.