வீடு கட்டியவர் கட்டிய ரயில் நிலையம்

லண்டன் செல்வந்தர்களுக்கு வீடு வரைந்து கொடுத்த ஒரு கலைஞரின் கைவண்ணம் ஹவுராவின் செங்கல்லில் இருக்கிறது. அதைப் பார்க்க ஆற்றில் இறங்க வேண்டும்.

ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் ஹவுரா நிலையத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க நேரம் கிடைப்பதில்லை என்பதே சரி. வண்டி நிற்பதற்குள் சிவப்புச் சட்டைப் போர்ட்டர் நம் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுகிறார். அவர் பின்னால் ஓட வேண்டும். கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் விடுகிறது. எதிரே ஹூக்ளி ஆறு. அதன் மேல் இரும்பால் பின்னிய பிரம்மாண்டமான பாலம். “தாதா, எங்கே போகணும்?” என்று டாக்ஸிக்காரர் கேட்கிறார். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த காதுக்கு அந்தச் சொல் கொஞ்சம் திடுக்கிடலைத் தரும். இங்கே அதற்கு ‘அண்ணா’ என்று பொருள். டாக்ஸி பாலத்தில் ஏறுகிறது. கண்ணும் பாலத்தோடு போய்விடுகிறது. முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நானும் மூன்று தடவை அப்படித்தான் வந்து போனேன். நாலாவது தடவை அழைத்துப் போக வந்த நண்பர் தாமதமாக்கினார். ‘பொரோ கொரி’யின் கீழே நிற்கச் சொல்லியிருந்தார். வங்காளியில் அதற்குப் ‘பெரிய கடிகாரம்’ என்று அர்த்தம். 1926-ல் நிறுவப்பட்டது; இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து ஜென்ட்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு முகங்கள் அதற்கு. கொல்கத்தாவில் யாரும் யாரையும் ஹவுராவில் சந்திப்பதென்றால் இதன் கீழேதான். புது மாப்பிள்ளை, ஊரிலிருந்து வரும் அத்தை, வேலை தேடி வரும் பையன், எல்லோரும் இங்கே நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்திருக்கிறார்கள். நானும் நின்றேன். இரண்டு மணி நேரம் வேறு வேலை இல்லாததால் அண்ணாந்து பார்த்தேன். பிறகு வெளியே போய், பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பார்த்தேன்.

செந்நிறச் செங்கல் சுவர்கள். சதுரச் சதுரமான கோபுரங்கள். வரிசையாக வளைவுகள். எழும்பூர் நிலையத்தின் குவிமாடங்களோ, பம்பாய் விக்டோரியா டெர்மினஸின் கல் சிற்பங்களோ இங்கே இல்லை. ஆடம்பரமும் அதிகம் இல்லை. அகலமாக, அழுத்தமாக, கால் ஊன்றி உட்கார்ந்திருக்கிற கட்டடம். இதைக் கட்டியது யார் என்று சுற்றியிருந்தவர்களிடம் கேட்டேன். வெள்ளைக்காரன் என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

அந்த வெள்ளைக்காரரின் பெயர் ஹால்சி ரிக்கார்டோ. அவர் ரயில் நிலையம் கட்டுகிறவர் அல்லர். வீடு கட்டுகிறவர்.

ரிக்கார்டோ பிறந்தது 1854-ல். ஹவுராவிலிருந்து முதல் பயணி ரயில் கிளம்பியதும் அதே ஆண்டில்தான். ஆகஸ்ட் 15 அன்று கிழக்கிந்திய ரயில்வேயின் வண்டி இங்கிருந்து ஹூக்ளி வரை, சுமார் 24 மைல், ஓடியது. அன்றைய நிலையம் வெறும் கொட்டகைதான். பாலமும் கிடையாது. கல்கத்தாவிலிருந்து புறப்படுகிறவர் ஆற்றின் அக்கரையில் உள்ள ஆர்மீனியன் காட் படித்துறையில் டிக்கெட் வாங்கிப் படகேறி ஹவுராவுக்கு வர வேண்டும். படகுக் கட்டணமும் டிக்கெட்டிலேயே அடக்கம். 1874-ல்தான் சர் பிராட்ஃபோர்டு லெஸ்லி வடிவமைத்த மிதவைப் பாலம் வந்தது. இப்போது நாம் பார்க்கும் இரும்புப் பாலம் 1943-ல் திறக்கப்பட்டது. அதாவது நிலையத்தை விடப் பாலம் வயதில் இளையது. ஆனால் புகழ் முழுவதும் தம்பிக்கே போய்விட்டது.

கொட்டகை போய்க் கோட்டை வந்ததற்குத் தமிழர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1900-ல் வங்காள நாக்பூர் ரயில்வேயின் பாதை கரக்பூர் வழியாக ஹவுராவுக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் ராஜமுந்திரியில் கோதாவரியின் மேல் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து கடற்கரை ஓரமாகவே கல்கத்தா போக வழி பிறந்தது அப்போதுதான். ஒரே நிலையத்தில் இரண்டு கம்பெனிகளின் ரயில்கள் வந்து நின்றன, இடம் போதவில்லை. 1901-ல் புதுக் கட்டடம் வேண்டும் என்ற முடிவு வந்தது. இன்று லேக் மார்க்கெட் பக்கம் காய்கறி வாங்குகிற தமிழ்க் குடும்பங்களின் தாத்தாக்கள் பலரும் அந்தப் பாதையில் வந்து இறங்கியவர்கள்தான்.

சரி, வீடு கட்டுகிறவரிடம் நிலையம் கட்டும் வேலை எப்படிப் போனது? ரிக்கார்டோவின் மாமனார் சர் அலெக்சாண்டர் ரெண்டல். கிழக்கிந்திய ரயில்வேயின் ஆலோசனைப் பொறியாளர். சிந்து நதியின் குறுக்கே சுக்கூரில் நிற்கும் லான்ஸ்டவுன் பாலம் அவருடைய வடிவமைப்பு. மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்த வழியை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் மாமனார் தயவில் வந்தவர் என்று மட்டும் சொல்லி ரிக்கார்டோவை ஒதுக்கிவிட முடியாது. அவருக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது.

அந்தப் பிடிவாதம் நிறம் பற்றியது. அவர் காலத்து லண்டன் கரியில் எரிந்த ஊர். வீட்டு அடுப்பு, தொழிற்சாலை, ரயில் இன்ஜின் எல்லாம் புகை கக்கின. எந்தக் கல்லில் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் சில ஆண்டுகளில் கறுத்துவிடும். ரிக்கார்டோ சொன்ன தீர்வு, கட்டடத்துக்குச் சட்டி பானைக்குப் போடுவதுபோல் மெருகு போட்டுவிடுங்கள் என்பது. மெருகேற்றிய செங்கல்லில் கரி ஒட்டாது. மழை பெய்தால் சுவர் தானே குளித்துவிடும். நிறமும் அப்படியே இருக்கும். இதை வெறும் பேச்சோடு அவர் விடவில்லை. ஓடுகளும் மட்பாண்டங்களும் செய்து புகழ்பெற்ற வில்லியம் டி மார்கனோடு பத்து ஆண்டுகள் கூட்டுத் தொழில் செய்தார். மாமனாருக்காக லண்டன் மெல்பரி ரோட்டில் மெருகேற்றிய சிவப்புச் செங்கல்லால் இரட்டை வீடு கட்டினார்.

அவருடைய பெயர் நிலைத்தது அடிசன் ரோடு 8-ஆம் எண் வீட்டில். பெரிய துணிக்கடை முதலாளியான எர்னஸ்ட் டெபன்ஹாமுக்காக 1905-க்கும் 1907-க்கும் இடையில் கட்டப்பட்டது. வெளிச்சுவரில் பச்சையும் நீலமும் மெருகேற்றிய செங்கற்கள். உள்ளே டி மார்கனின் ஓடுகள். நடுவே ஒரு குவிமாடம், அது முழுக்கப் பொடிக்கல் ஓவியம். மயில் வீடு என்றே அதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. பிரிட்டனின் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் அந்த வீடு இருக்கிறது.

இப்போது ஆண்டைக் கவனியுங்கள். ஹவுராவின் புது நிலையம் திறக்கப்பட்டதும் 1905-ல்தான். ஒரு செல்வந்தக் குடும்பத்துக்கான மயில் வீடும், லட்சக்கணக்கானோர் நுழைந்து வெளியேறும் செங்கல் நிலையமும் ஒரே கலைஞரின் கையிலிருந்து ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவை.

ஆனால் ஹவுராவுக்கு மெருகு கிடைக்கவில்லை. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. இத்தனைக்கும் கரிக்குப் பயப்பட வேண்டிய ஊர் ஒன்று உண்டென்றால் அது ஹவுராதான். வார்ப்பாலைகளும் பட்டறைகளும் சணல் ஆலைகளுமாக நிறைந்து, ‘கிழக்கின் ஷெஃபீல்டு’ என்று பெயர் வாங்கிய ஊர். போதாததற்கு நிலையத்தின் உள்ளேயே நீராவி இன்ஜின்கள். மின்சார ரயில் இங்கே வந்தது 1957-ல்தான். அதுவரை அரை நூற்றாண்டு இந்தச் சுவர்கள் புகையைக் குடித்தே நின்றன.

மழை லண்டன் வீட்டைக் கழுவிக் கொடுக்கும். ஹவுராவின் சுவரை மனிதர்கள்தான் கவனிக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தில் இரண்டு கட்டடங்களின் தலைவிதியும் அடங்கியிருக்கிறது.

வீடு கட்டுகிறவரின் மனம் நிலையத்தில் எங்காவது தெரிகிறதா என்று தேடினேன். எனக்குத் தெரிந்தது. பம்பாய் நிலையம் நம்மை மிரட்டுகிறது. அரண்மனைக்குள் போகிற மாதிரி தலை தாழ்ந்துவிடுகிறது. ஹவுரா அப்படிச் செய்வதில்லை. கோபுரங்கள் உயரத்துக்காக நிற்கவில்லை. அகலத்துக்குக் காவலாக நிற்கின்றன. ஊர்ப் பெரிய வீட்டின் முகப்பு போல, ஆற்றைப் பார்த்து ஒரு வாசல். உள்ளே இன்னொரு அதிசயம். பழைய கட்டடத்தில் 8, 9-ஆம் பிளாட்பாரங்களை ஒட்டி ஒரு தார் ரோடே போகிறது. கார் நேராக ரயில் பெட்டியின் பக்கத்தில் வந்து நிற்கும். நடக்க முடியாத பாட்டியை மகன் காரிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி, பத்தடியில் ரயிலில் ஏற்றுவதை நான் பார்த்தேன். வீட்டு வாசலில் வண்டி வந்து நிற்பதுபோல.

வீட்டு வேலையில் பழகிய கைகள் இந்தியாவில் பெரிய கட்டடங்களைத் தொட்டது ரிக்கார்டோவோடு முடியவில்லை. அமெரிக்காவில் ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் வீடுகள் வரைந்து பழகியவர் வால்டர் பர்லி கிரிஃபின். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவைத் திட்டமிட்டவரும் அவரே. 1935-ல் லக்னோவுக்கு வந்தார். ‘பயனியர்’ பத்திரிகைக்கு அலுவலகம் வரைந்தார். 1937-ல் லக்னோவிலேயே இறந்து அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார். பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியும் ரைட்டிடம் வேலை பார்த்த ஆண்டனின் ரேமண்டின் கைவேலை. காற்றும் நிழலும் மனிதனுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வீடு கட்டிப் பழகியவர்களே நன்றாக அறிந்திருக்கிறார்கள் போலும்.

ரிக்கார்டோ 1928-ல் இறந்தார். மகன் சர் ஹாரி ரிக்கார்டோ மோட்டார் இன்ஜின் வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றார். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் மகனைத்தான் பலருக்கும் தெரியும். கட்டடக் கலை தெரிந்த சிலருக்கு அப்பாவின் மயில் வீடு தெரியும். ஹவுரா நிலையத்தை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்பவர்கள் அபூர்வம்.

ஆறு பிளாட்பாரங்களோடு தொடங்கிய நிலையம் இன்று இருபதைத் தாண்டிவிட்டது. 1992-ல் தெற்கே தனியாகப் புதுக் கட்டடம் எழுந்தது. 2024-ல் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரயிலும் ஓடத் தொடங்கியது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரயில் நிலையம் அருங்காட்சியகம் அல்ல. கூட்டம் வளர வளர அதுவும் வளர வேண்டும். ஆனால் வளர்ச்சியின் அவசரத்தில் முகம் மறைந்துவிடக் கூடாது. விக்டோரியா டெர்மினஸ் 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அப்படி ஒரு பட்டம் ஹவுராவுக்கு இல்லை. பட்டம் இல்லாத கட்டடத்துக்கு ஒரு ஆபத்து உண்டு. பேருந்துகள், கடைகள், விளம்பரத் தட்டிகள், கம்பிகள் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நிற்கும்போது தடுப்பதற்கு யாருக்கும் காரணம் தோன்றாது. இடிப்பவர் யாரும் இல்லாமலே ஒரு கட்டடம் காணாமல் போகலாம்.

நண்பர் ஒருவழியாக வந்து சேர்ந்தார். டாக்ஸி வேண்டாம், படகில் போகலாம் என்றேன். நிலையத்துக்கு எதிரிலேயே படித்துறை. சில ரூபாய் டிக்கெட். 1854-ன் பயணிகள் வந்த வழியில் எதிர்த் திசையில் போனோம். கையில் மண் குவளைத் தேநீர். படகு கரையை விட்டு விலக விலக, பேருந்துகளும் தட்டிகளும் சிறுத்தன. செங்கல் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நடு ஆற்றை அடைந்தபோது நிலையம் முழுசாகத் தெரிந்தது. சாயங்கால வெயிலில் அந்தச் சிவப்பு அப்போதுதான் பூசியது போல் இருந்தது.

நண்பர் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரும் அன்றைக்குத்தான் அதை முழுசாகப் பார்த்ததாகச் சொன்னார்.

ஹவுராவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. வாசலில் டாக்ஸிக்காரர் ‘தாதா’ என்று கூப்பிடுவார். அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள். படகில் ஏறுங்கள். நடு ஆற்றில் பாலத்தைப் பார்க்காமல், வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள்.