ஒரு முழு நிமிடம்

பல்கலைக்கழகத்தில் தாதிமைத் துறையில் எனக்கு இடம் கிடைத்த ஆண்டு, தீபாவளிக்கு வீட்டிற்கு வந்திருந்த மாமா ஒருவர் கேட்டார்: “மிசி வேலைக்கு எதுக்கும்மா யுனிவர்சிட்டி? ஊசி போட, மாத்திரை குடுக்க நாலு வருசம் படிக்கணுமா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்போது என்னிடம் பதில் இல்லை.

பட்டம் பெற்று, வார்டில் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதங்கள் கழித்துத்தான் அந்தப் பதில் கிடைத்தது. அது பெருமையோடு சொல்லக்கூடியதன்று. என்னுடைய தவறு ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டது. பேரவை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று இளைய மாணவர்கள் கேட்டபோது, அதையே எழுதலாம் என்று தோன்றியது.

அவரைப் பாட்டி என்றே குறிப்பிடுகிறேன். வயது 71. இளமையில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நீரிழிவு நோயால் வலக்காலில் ஆறாத புண்ணோடு வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். நம் வீடுகளுக்கு இது புதிய கதையன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம்.

அன்று எனக்கு மாலை வேலை. ஆறு மணிக்குப் பாட்டியின் அளவுகளை எடுத்தேன். உடல் வெப்பம் 36.5. நாடித் துடிப்பு 108. இரத்த அழுத்தம் 108க்கு 62. ஆக்ஸிஜன் 95 விழுக்காடு. அடுத்த கட்டத்தில் மூச்சு எண்ணிக்கையை எழுத வேண்டும். நான் 20 என்று எழுதினேன்.

நான் எண்ணவில்லை. அந்த வரிசையில் காலையிலிருந்து, ஏன், முந்தைய நாளிலிருந்தே 20, 20, 20 என்றுதான் இருந்தது. மற்றவற்றை அளக்கக் கருவி இருக்கிறது. மூச்சை எண்ண மட்டும் ஒருவர் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மருந்து வண்டி காத்திருந்தது. மூன்று கட்டில் தள்ளி ஒருவர் அழைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிடத்தை நான் மிச்சப்படுத்தினேன்.

பார்வையாளர் நேரத்தில் பாட்டியின் மருமகள் என்னிடம் வந்தார். “தப்பா நெனைக்காதீங்க மிசி. அத்தை இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்காங்க. என்னைய அவங்க தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்புடுறாங்க,” என்றார். நான் கட்டிலருகே போய், “பாட்டி, எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்,” என்றார் பாட்டி. “வயசானவங்க, களைப்பா இருக்கும்,” என்று மருமகளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவரும் மேலே எதுவும் கேட்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு வேலை மாறும் நேரம். இரவுப் பொறுப்பில் வந்தவர் ஒரு மூத்த மலாய் தாதி. நாங்கள் எல்லாரும் அவரைக் ‘காக்’ என்றுதான் அழைப்போம். மேசையில் அமர்ந்து கோப்புகளைப் பார்த்துப் பொறுப்பை வாங்கிக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு கட்டிலாக நடந்து, நோயாளியைப் பார்த்துத்தான் வாங்குவார். பாட்டியின் கட்டிலுக்கு வந்ததும் நின்றார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டில் விரல் வைத்தார். கண்கள் பாட்டியின் நெஞ்சில் இருந்தன. மூச்சை எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சின் போக்கு மாறிவிடும். அதனால் அப்படித்தான் எண்ண வேண்டும். முதலாண்டிலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு முழு நிமிடம் கழிந்தது. “28,” என்றார்.

பிறகு மெல்லக் கேட்டார்: “வழக்கமாக இவருடைய இரத்த அழுத்தம் எவ்வளவு?” கோப்பைப் புரட்டினேன். 150க்குக் குறைந்ததே இல்லை. எனக்குச் சாதாரணமாகத் தெரிந்த 108, பாட்டிக்குப் பெரிய வீழ்ச்சி. எண்ணைப் பார்த்த நான், அது யாருடைய எண் என்று பார்க்கவில்லை.

காலிலிருந்த தொற்று உடலெங்கும் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. அந்த நிலையில் உடலுக்கு ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது. இரத்தத்தில் அமிலம் சேர்கிறது. அதை ஈடுகட்ட மூச்சு வேகமெடுக்கிறது. பல வேளைகளில் மற்ற அளவுகள் குலைவதற்கு முன்பே மூச்சு அதைக் காட்டிவிடும். முதியவர்களுக்குக் காய்ச்சல் வராமலேயே இது நடக்கலாம். ஆள் அடையாளம் மாறிப் பேசுவதும் அதன் அறிகுறிதான். மருமகள் மூன்று மணி நேரத்திற்கு முன்பே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

“டாக்டரைக் கூப்பிடு,” என்றார் காக். நான் தயங்கினேன். அன்று மாலைதான் வேறொரு நோயாளிக்காக அழைத்து, அந்த ஹவுஸ்மேன் டாக்டரிடம் சலிப்பான பதில் வாங்கியிருந்தேன். காக் ஒரு தாளில் நான்கு வரி எழுதச் சொன்னார்: இப்போதைய நிலைமை, நோயாளியின் பின்னணி, நாம் என்ன நினைக்கிறோம், என்ன கேட்கிறோம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன்!

படித்துக் காட்டினேன். “காலையில் ரவுண்டில் பார்ப்போமே,” என்றது தொலைபேசிக் குரல். “சரி டாக்டர்” என்ற சொல் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. காக் அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். “டாக்டர், எனக்குக் கவலையாக இருக்கிறது. நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்,” என்றேன். குரல் நடுங்கியது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. “வருகிறேன்,” என்றார். வந்து பார்த்ததும் அவர் ஓடிய ஓட்டம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரத்தப் பரிசோதனை, கிருமிக்கொல்லி மருந்து, சிரை வழியாக நீர், மறுநாள் அறுவைச் சிகிச்சை. பாட்டி இரண்டு கால்விரல்களை இழந்தார். உயிரோடு வீடு திரும்பினார்.

அந்த மூன்று மணி நேரம் கையில் இருந்திருந்தால் விரல்கள் மிஞ்சியிருக்குமா? உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

இலண்டன் மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய முன்னெச்சரிக்கைப் புள்ளிமுறை ஒன்று உண்டு. பின்னாளில் பாட்டியின் அளவுகளை அதில் போட்டுப் பார்த்தேன். நான் ஆறு மணிக்கு எழுதிய எண்களின்படி 3 புள்ளிகள். 20க்குப் பதிலாக 28 என்று மாற்றி, புதிதாக வந்த மனக்குழப்பத்தையும் சேர்த்தால் 9. ஏழு புள்ளி என்றாலே அவசர நிலை. எந்தப் புள்ளிமுறையும் நாம் கொடுக்கும் எண்ணைத்தான் கூட்டும். நாம் பொய் எழுதினால் அதுவும் பொய் சொல்லும்.

மறுநாள் ஆறு மணி அளவில் மூச்சை எண்ணவில்லை என்று நானே அறிக்கை எழுதினேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். வார்டு சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. பழைய தாள்கள் அனைத்தையும் மேசையில் பரப்பினார். பெரும்பாலான கட்டில்களில் 20, 20, 20. “இது உன் தவறு மட்டும் இல்லை, ஆனால் உன் தவறும்தான்,” என்றார். அன்றிலிருந்து எங்கள் வார்டில் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. யார் குற்றவாளி என்று மட்டும் தேடியிருந்தால், அடுத்த முறை யாரும் உண்மையை எழுதியிருக்க மாட்டார்கள்.

பாட்டியின் மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன பதில் என்னை இன்னும் வருத்தியது: “நான் இன்னொரு தடவ சொல்லியிருக்கணும் மிசி. நாந்தான் தயங்கிட்டேன்.”

எண்ணிப் பார்த்தால் அன்று எல்லாருமே தயங்கினோம். மருமகள் என்னிடம் தயங்கினார். நான் டாக்டரிடம் தயங்கினேன். பாட்டியோ, பிள்ளைக்கு எதற்குத் தொல்லை என்று ‘ஒண்ணுமில்லை’ என்றார். பெரியவர்களை எதிர்த்துக் கேட்கக்கூடாது, படித்தவர்களிடம் அதிகம் பேசக்கூடாது என்றுதான் நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். அது நல்ல பண்புதான். ஆனால் மருத்துவமனைக் கட்டிலருகே மரியாதை என்பது, பணிவோடு மறுபடியும் கேட்பது.

ஆகவே நண்பர்களே, நாளை உங்கள் பாட்டியோ தந்தையோ மருத்துவமனையில் இருந்தால், நீங்கள் அவரை நன்கறிந்தவர் என்பதை மறவாதீர்கள். “இவர் வழக்கமாக இப்படி இல்லை” என்று தோன்றினால் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் மீண்டும் சொல்லுங்கள். உண்ணும் மருந்துகளின் பட்டியலைக் கையில் வைத்திருங்கள். தாதி ஒவ்வொரு முறையும் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். ஒரே வார்டில் இரண்டு முனியம்மாக்கள் இருப்பது எங்களுக்குப் புதிதில்லை.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் கடைசிக் குறள், மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் என்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிலிருந்து பணி செய்பவரையும் ஒருவராக வள்ளுவர் எண்ணியிருக்கிறார். பள்ளியில் மனனம் செய்தபோது இது எனக்கு உறைக்கவில்லை.

மாமாவுக்குச் சொல்ல இப்போது என்னிடம் பதில் உண்டு. ஊசி போடக் கற்றுக்கொள்ள நான்கு ஆண்டுகள் வேண்டாம், மாமா. எப்போது நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் துணிந்து பேச வேண்டும் என்று கற்றுக்கொள்ளத்தான் நான்கு ஆண்டுகள். எனக்கு அவை போதவில்லை. கூடப் பத்து மாதங்களும் ஒரு பாட்டியும் தேவைப்பட்டார்கள்.

இன்றும் நான் ஒவ்வொரு கட்டிலருகிலும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் நிற்கிறேன்.