நகம் சொன்ன சேதி

சருமத்துக்கு ஒரு டாக்டர், மூட்டு வலிக்கு ஒரு டாக்டர் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். நோய் அப்படிப் பிரிந்து வருவதில்லையே! என் அக்கா விஷயத்தில் இதைக் கண்கூடாகக் கண்டேன்.

அக்காவுக்குப் பல வருஷங்களாகத் தலையில் செதில் செதிலாக உதிரும். "பொடுகு" என்று சொல்லிப் பின்னலை இறுக்கிக்கொள்வாள். சென்ற வருஷம், காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுத்தன. காபி டபராவைப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். வேலை செய்யச் செய்ய இளகிவிடும். குதிகாலிலும் வலி.

"வயசு நாற்பதாச்சு, வாயுதான்டி!" என்று அம்மா சுக்குக் கஷாயம் கொடுத்தாள்.

பிறகு ஒரு நாள் மோதிர விரல் மட்டும் அடி முதல் நுனி வரை பூவன் பழம் மாதிரி வீங்கிவிட்டது. ரத்தத்தைப் பரிசோதித்தார்கள், முடக்குவாதக் காரணி இல்லை. அம்மாவுக்குப் பரம திருப்தி. அக்காவுக்கு மட்டும் வலி!

மூட்டு நோய் நிபுணரிடம் அழைத்துப் போனேன். அவர் முதலில் பார்த்தது நகத்தை. தையற்காரர் மாட்டிக்கொள்ளும் விரலுறையில் இருப்பதுபோல் அதில் சின்னச் சின்னக் குழிகள்.

"தலையில் ஏதாவது உண்டா, அம்மா?" என்றார். அக்கா தயங்கித் தயங்கிப் பின்னலை அவிழ்த்தாள்.

"இது ஸோரியாஸிஸ். கூடவே வந்திருப்பது அதன் மூட்டு வாதம். இதில் அந்தக் காரணி பெரும்பாலும் தென்படாது" என்றார் டாக்டர்.

இந்த நோயை இனம் காண 2006-இல் நிபுணர்கள் வகுத்த விதிகளில் நகக் குழி, விரல் முழுதும் வீங்குவது, குடும்பத்தில் ஸோரியாஸிஸ், காரணி காணாத ரத்தம் எல்லாமே அடையாளங்கள். பலருக்குச் சருமத்தில் முதலில் தோன்றி, வருஷங்கள் கழித்தே மூட்டுக்கு வருகிறது. காதின் பின்னாலோ தொப்புளிலோ காலணா அளவுக்கு ஒளிந்திருந்தாலும் போதும். தொற்று நோய் அல்ல; வெட்கப்பட ஒன்றுமில்லை.

தாமதந்தான் ஆபத்து. ஆறு மாதத்துக்கு மேல் தாமதித்தவர்களுக்கு மூட்டெலும்பு அதிகம் அரிக்கப்பட்டிருந்ததை அயர்லாந்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2015-இல் காட்டியது. மருந்தின் பலனாய் அக்காவின் விரல்கள் இப்போது மடங்குகின்றன. ஆனால் ஒரு நுனிக் கணு கோணியது கோணியதுதான்.

ஆகவே சகோதரிகளே, மூட்டைக் காட்டப் போகும்போது சருமத்தைப் பற்றியும் சொல்லுங்கள். நகச்சாயம் பூசியிருந்தால், தயவு செய்து அழித்துவிட்டுப் போங்கள்!