பலகைத் தங்கமும் ஊதா நிறப் பாக்டீரியாவும்

ஈப்போ, சிலிபினில் ஒரு பழைய இரும்புக் கடை. முன்பக்கம் துருப்பிடித்த சைக்கிள்களும் கூரைத் தகரங்களும் குவிந்து கிடக்கின்றன. பின்பக்கக் கொட்டகையில்தான் கணினிகளைப் பிரிக்கிறார்கள். மின்கழிவைக் கையாளச் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் வேண்டும். 2005ஆம் ஆண்டு விதிகளில் அதற்கு எஸ்.டபிள்யூ. 110 என்று தனிக் குறியீடே உண்டு. உரிமம் இருக்கிறதா என்று கடை முதலாளியான தவுக்கேயிடம் கேட்டேன். சிரித்துவிட்டு எனக்குத் தே தாரேக் சொல்லி அனுப்பினார்.

கொட்டகையில் உட்கார்ந்திருந்த அக்கா தோட்டத்தில் பிறந்தவர். பால் மரம் வெட்டிய கை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பத்தோடு பட்டணத்துக்கு வந்துவிட்டார். இப்போது அவர் கையில் திருப்புளியும் குறடும். மதர்போர்டை மடியில் சாய்த்து, அலுமினியத் தகட்டை ஒரே நெம்பில் எடுக்கிறார். செம்புச் சுருள் ஒரு வாளிக்கு, மின்கலம் தனி டப்பாவுக்கு. ரேம் அட்டை வந்ததும் வேகம் குறைகிறது. அதன் விளிம்பில் வரிசையாக மஞ்சள் பற்கள். கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார்.

"பூச்சு தேஞ்சிருந்தா வெல கம்மி தம்பி. இத மத்ததோட கலந்துட்டா தவுக்கே கத்துவாரு."

மஞ்சள் பூச்சு தங்கம்தான். ஒரு டன் கணினிப் பலகைகளில் ஏறத்தாழ 200 கிராம் தங்கம் இருக்கலாம். சுரங்கத்தில் ஒரு டன் பாறைக்கு ஐந்து கிராம் கிடைத்தாலே நல்ல தாது. ஆனால் பலகையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு செம்பு. இந்தக் கதையில் வம்பு செய்வதும் அந்தச் செம்புதான்.

தங்கத்தைப் பிரிக்கப் பெரிய ஆலைகள் உலையில் உருக்குகின்றன. திருட்டுப் பட்டறைகள் அமிலத்தில் முக்குகின்றன. புகை தொழிலாளியின் நெஞ்சுக்கும் அமிலம் வாய்க்காலுக்கும் போகும். மூன்றாவது வழி பாக்டீரியா. ஆய்வுக்கூடம் ஒன்றில் அதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது.

ஆட்டிக்கொண்டே இருக்கும் மேடையில் கண்ணாடிக் குடுவைகள். உள்ளே அசிடிதியோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ். சுரங்கத்திலிருந்து வடியும் அமில நீரில் 1947இல் கண்டறியப்பட்ட உயிர் இது. இதன் சாப்பாடு இரும்பு. ஃபெரஸ் இரும்பை ஃபெரிக் இரும்பாக மாற்றி, அதில் கிடைக்கும் ஆற்றலில் வாழ்கிறது. வெளிர்பச்சைக் கரைசல் சில நாளில் செம்பழுப்பாகிறது. அந்த ஃபெரிக் இரும்பு பலகைத் தூளிலுள்ள செம்பைக் கரைத்துவிட்டு மறுபடி ஃபெரஸ் ஆகும். பாக்டீரியா அதைத் திரும்பவும் மாற்றும். செம்பைக் கரைப்பது இரும்பு. இரும்பை ஓயாமல் புதுப்பித்துத் தருவதே பாக்டீரியாவின் வேலை.

அக்காவிடம் இதையும், தூளை அளவாகத்தான் போட வேண்டும் என்பதையும் சொன்னபோது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. "கோப்பையில பாலு எடுத்து, மருந்து ஊத்தி ஒறைய வைப்போமே, அது மாதிரி அளவு தப்பினா கெட்டுப்போகும், அப்படித்தானே?" அப்படியேதான். 2001இல் சூரிச் ஆய்வாளர் பிராண்டிலின் குழு வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது. லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் மின்கழிவுத் தூள் போட்டால் உயிரிகள் திணறின. அளவு குறைவாக இருந்தபோது செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் கரைந்தது. முதலில் பாக்டீரியாவை வளர்த்துவிட்டு, பிறகு தூளைச் சேர்ப்பது அவர்கள் கண்ட உபாயம்.

தங்கம் இதற்கெல்லாம் மசியாது. அதற்கு சயனைடு வேண்டும். குரோமோபாக்டீரியம் வயோலேசியம் என்ற மண் பாக்டீரியா, கிளைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே சயனைடு செய்கிறது. தட்டில் வளர்ந்தால் நாவற்பழச் சாறு சிந்தியதுபோல் ஊதா. வெப்ப நாட்டு மண்ணிலும் நீரிலும் வாழ்வது. அரிதாக மனிதரையும் தாக்கும். அப்படி முதல் நோய்ப் பதிவு 1927இல் மலாயாவிலிருந்து வந்தது.

சிக்கல் என்னவென்றால், சயனைடைத் தங்கத்துக்கு முன்னால் செம்பு பிடித்துக்கொள்கிறது. செம்பை முதலில் அகற்றாவிட்டால் தங்கத்துக்கு மிஞ்சுவது சொற்பம். இன்னொரு தொல்லை: பாக்டீரியாவுக்குப் பிடித்த குறைந்த காரத்தன்மையில் சயனைடு வாயுவாகப் பறந்துவிடும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் காயத்ரி நடராஜனும் யென்-பெங் டிங்கும், கூடுதல் காரத்தைத் தாங்கும்படி இந்தப் பாக்டீரியாவை மரபணு மாற்றத்துக்கு உட்படுத்தினார்கள். செம்பை முன்கூட்டியே அகற்றினார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தங்கம் கிடைத்தது. ஆய்வுக்கு அது நல்ல முன்னேற்றம். அதை நம்பிப் பட்டறை வைக்க முடியாது.

என் கணிப்பு இது: செம்புக்குப் பாக்டீரியா தயார், தங்கத்துக்கு இன்னும் ஆகவில்லை. 'பாக்டீரியாவில் தங்கம், பங்கு போடுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் பணம் கட்டிவிடாதீர்கள்.

'இயற்கை முறை' என்ற பேச்சிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. பாக்டீரியா செய்தாலும் சயனைடு சயனைடுதான். அந்த உயிர் பிற்பாடு அதைத் தானே சிதைத்துக்கொள்ளும் என்பது உண்மை. மிஞ்சிய கரைசலில் உள்ள ஈயத்தை அது சிதைக்காது. பிசினும் கண்ணாடி இழையும் அப்படியே கிடக்கும். மிச்சம் எங்கே போகும் என்ற கேள்வியை ஈப்போக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலிபினிலிருந்து தூரமில்லாத புக்கிட் மேராவில், வெள்ளீயச் சுரங்க மிச்சமான அமாங்கிலிருந்து அரிய மண் உலோகம் எடுத்த ஏஷியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவுக்காக, மக்கள் 1985இல் நீதிமன்றம் ஏறினார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. துப்புரவு வேலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது.

2022இல் உலகம் கொட்டிய மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. பாக்டீரியா வந்தாலும் வராவிட்டாலும், ரேம் வேறு, மின்கலம் வேறு என்று பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும். எல்லாவற்றையும் கலந்து அரைத்தால் பாக்டீரியாவின் வேலையும் கடினமாகும். ஆகவே உரிமம் பெற்ற ஆலைகள் இந்த அக்காக்களை வேலைக்கு எடுக்கட்டும். முகக்கவசமும் கையுறையும் கொடுக்கட்டும். இந்தக் கொட்டகையில் அவருக்கு நாள் சம்பளம் மட்டும்தான், இ.பி.எஃப். கிடையாது, சொக்சோவும் கிடையாது.