வீட்டுக்கு லாந்தர்... கடலுக்கு இருட்டு!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவர்களுக்கு முட்டுக்காடு என்றதும் ஞாபகம் வருவது படகுக் குழாம்தான். கழிமுகத்தின் மேலே பாலம், கீழே கலர் கலரான படகுகள், காற்றில் உப்பும் மீனும் கலந்த வாசம். அந்தப் பாலத்துக்குச் சற்று முன்னால், சாலையின் கடல் பக்கத்தில் இருக்கிறது தட்சிணசித்ரா. வீட்டில் லாந்தர் மாட்ட வேண்டும், திண்ணையில் தொங்குவிளக்கு வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டிய இடம் அது.

சென்னையில் 1984-இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, 1996-இல் பொதுமக்களுக்குத் திறந்துவைத்த இடம் இது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் எனத் தென்னகத்தின் பழைய வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து எடுத்துவந்து, தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்ரகாரத்து வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு, ஆந்திரக் கடலோரத்தின் புயலுக்குத் தாக்குப்பிடிக்கும் வட்ட வீடு. வளாகத்தை ஆரம்பத்தில் வடிவமைத்தவர் லாரி பேக்கர்.

கூட்டமாக வருகிறவர்கள் தூணையும் கதவையும் நிலைப்படியையும்தான் போட்டோ எடுப்பார்கள். நல்ல தூண்கள், நல்ல கதவுகள். ஆனால், விளக்கு மாட்ட நினைக்கிறவர்கள் பார்க்க வேண்டியது வேறு. இந்த மாதிரி வீடுகளுக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று கவனிக்க வேண்டும். முற்றத்தில் வெயில் கொட்டும். அதைச் சுற்றிய தாழ்வாரத்தில் பாதி வெளிச்சம். உள்ளறைக்குள் போனால் பகலிலேயே கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் காலத்து விளக்குகள் எல்லாமே அந்த அரையிருட்டை நம்பிப் பிறந்தவை.

சுவரில் ஒரு குழி

பழைய வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி இருக்கும். சில ஊர்களில் முக்கோணமாக, சில ஊர்களில் வளைவாக. பாட்டியோடு வரும் பேரப்பிள்ளைகள் அதில் கையை விட்டுப் பார்க்காமல் நகர மாட்டார்கள்.

"இதுல என்ன பாட்டி வைப்பீங்க? செல்போனா?"

"அகல்விளக்குடா. சாயங்காலம் ஆனா ஏத்தி வைப்போம்."

மாடக்குழி என்பார்கள், விளக்கு மாடம் என்பார்கள். பார்க்க அழகுக்கு வைத்த மாதிரி இருக்கும். உண்மையில் அது காற்று மறைப்பு. சுவருக்குள் அடங்கிய சுடர் காற்றில் அணையாது. எண்ணெய் சிந்தினால் குழிக்குள்ளேயே நிற்கும். கரி படிந்தால் அந்த ஓரிடத்தில் மட்டும் படியும். வெள்ளையடிக்கும்போது அதை மட்டும் துடைத்தால் போதும். தவழும் குழந்தைக்கு எட்டாது. குழிக்குள் பூசிய வெள்ளைச் சுண்ணாம்பு சுடரின் வெளிச்சத்தை அறைக்குள் திருப்பிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த வெளிச்சத்துக்கு முன்பக்கம் மட்டும்தான் வழி. பின்னால் சுவர், மேலே சுவர், பக்கத்தில் சுவர். விளக்கு வீட்டைத்தான் பார்க்கும், வெளியே ஊரைப் பார்க்காது. இந்தக் கடைசி விஷயம் முட்டுக்காட்டில் ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

மாடக்குழி ஏழை வீட்டிலும் இருந்தது. கொஞ்சம் வசதி இருந்தால் குத்துவிளக்கு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, மரை போட்டுத் திருகிச் சேர்ப்பார்கள். இன்னும் வசதியான வீடுகளில் சங்கிலியில் தொங்கும் தூண்டாமணி விளக்கு. அதில் சில வகைகளில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. மேலே யானையோ பறவையோ போல ஒரு சிறு எண்ணெய்க் கலம் இருக்கும். தட்டில் எண்ணெய் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் கலத்துக்குள் காற்று நுழையும், எண்ணெய் சொட்டும். மட்டம் ஏறியதும் காற்று வழி அடைபட்டு, சொட்டுவது நின்றுவிடும். இன்று இதைப் பழம்பொருள் கடையில் வாங்கி ஹாலில் மாட்டுகிறவர்களில் பலர் எண்ணெய் ஊற்றிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒருநாள் ஊற்றிப் பாருங்கள், பிள்ளைகள் டி.வி. பக்கம் திரும்ப மாட்டார்கள். கீழே ஒரு பழைய தாம்பாளம் வைத்துவிட்டுச் செய்யுங்கள். அவ்வளவுதான்.

லாந்தர் வந்த கதை

லாந்தர் இந்த வரிசையில் கடைசியாக வந்த விருந்தாளி. அந்தச் சொல்லே ஐரோப்பியரோடு கப்பலேறி வந்ததுதான். கண்ணாடிக்குள் அடங்கிய தீபம், கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். நம் வீடுகளில் அரிக்கேன் விளக்கு என்று பேர் வாங்கியது இதன் பிரபலமான வகை. புயல் காற்றிலும் அணையாது என்பதால் ஆங்கிலத்தில் புயல் பெயரையே வைத்தார்கள். அமெரிக்காவில் ஜான் இர்வின் என்பவர் 1860-களிலும் 70-களிலும் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு அது. இரண்டு பக்கமும் கைப்பிடி போல வளைந்து இறங்கும் குழாய்கள் அழகுக்காக வைத்தவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சுடருக்குக் காற்று அந்தக் குழாய்கள் வழியாகத்தான் போகிறது. வெளியே எப்படி வீசினாலும், உள்ளே போகும் காற்று ஒரே சீராக இருக்கும். அலங்காரத்துக்கென்றே விற்கும் சில மலிவு லாந்தர்களில் இந்தக் குழாய்கள் வெறும் தகரக் கம்பிகள். கடையில் நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

விளக்கோடு கடலைப் பார்த்து நின்ற ஒரு கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்றால், முட்டுக்காட்டிலிருந்து இன்னும் தெற்கே மாமல்லபுரத்துக்குப் போக வேண்டும். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே பாறையில் இருக்கும் ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் பல்லவர் காலத்துக் கற்கோயில். அதன் தலையில்தான் 19-ஆம் நூற்றாண்டில் கப்பல்களுக்கு விளக்கு வைத்தார்கள். பிறகு பக்கத்திலேயே கல்லால் கலங்கரை விளக்கம் எழும்பியது. அது கடலுக்காகவே ஏற்றிய விளக்கு, கடலைப் பார்க்க வேண்டியதுதான். கடலைப் பார்த்து நிற்க வேண்டிய காரணமே இல்லாத விளக்குகள்தான் இன்று பிரச்னை.

கடல் பக்கம் தொங்கும் பல்பு

இந்தக் கடற்கரை பங்குனி ஆமைகளின் பிரசவ அறை. ஆலிவ் ரிட்லி என்று செய்திகளில் வருவது இவைதான். ஜனவரி முதல் ஏப்ரல் வாக்கில் பெண் ஆமை இரவில் கரையேறி, மணலைத் தோண்டி நூறு முட்டைகளுக்கு மேல் இடும். குழியை மூடிவிட்டு, விடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு அந்த முட்டைகளுக்குத் துணை மணலும் வெயிலும்தான். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் குஞ்சுகள் பொரிந்து, அவையும் பெரும்பாலும் இரவில்தான் மேலே வரும்.

வெளியே வந்ததும் அந்தக் குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று யார் சொல்வது? வெளிச்சம்தான் சொல்லும். இயற்கையான கடற்கரையில் இரவில் நிலம் இருட்டு, கடல்தான் பளபளப்பு. நிலவும் நட்சத்திரங்களும் தண்ணீரில் மின்னும். மணல்மேடும் மரங்களும் கறுப்பாக நிற்கும். கறுப்பை விட்டு வெளுப்பை நோக்கி நட என்பதுதான் அதன் உடம்பில் எழுதியிருக்கும் ஒரே பாடம். கடற்கரை பங்களாவின் மாடியில் வெள்ளை வெளேரென்று ஒரு எல்.இ.டி. லாந்தர் எரிந்தால், குஞ்சு அதைத்தான் கடல் என்று நம்பும். ரோட்டுப் பக்கம் நடக்கும். நாய், நண்டு, காக்கா, வண்டி, விடிந்தால் வெயில் என்று ஏதாவது ஒன்று அதை முடித்துவிடும். முட்டையிட வரும் தாய் ஆமையும் வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு, இடாமலே திரும்புவது உண்டு.

சென்னைக் கடற்கரையில் ஆமை முட்டைகளைத் தேடி இரவில் நடக்கும் வழக்கம் 1970-களிலேயே தொடங்கியது. 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே பருவம் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. கிடைக்கும் முட்டைகளை வேலியிட்ட பொரிப்பகத்துக்கு மாற்றி, குஞ்சுகளைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். வனத்துறையும் இதே வேலையைச் செய்கிறது. யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் தூக்கத்தை விட்டு மணலில் நடக்கிறார்கள். இன்னொரு பக்கம், யாரும் உட்காராத பால்கனியில் விடிய விடிய விளக்கு எரிகிறது.

அதற்காக லாந்தரே மாட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பழைய வீட்டுக்காரர்கள் செய்ததைச் செய்தால் போதும். விளக்கு தாழ்வாக இருக்கட்டும், தலைக்கு மேலே மொட்டை மாடிக் கம்பத்தில் வேண்டாம். வெளிச்சம் வீட்டுப் பக்கம் திரும்பட்டும். கடல் பக்கக் கண்ணாடிக்கு உள்ளே ஒரு பித்தளைத் தகடோ, செம்புத் தகடோ செருகிவிட்டால், லாந்தருக்கும் ஒரு மாடக்குழி கிடைத்த மாதிரி. அந்தத் தகடே வெளிச்சத்தைத் திண்ணைக்குத் திருப்பித் தரும், பார்க்கவும் பொன்னாக இருக்கும். பல்பு வாங்கும்போது நீலமடிக்கும் வெள்ளை வேண்டாம். நல்லெண்ணெய்ச் சுடர் மாதிரி மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம் கேளுங்கள். ஆமைகளின் கண்ணை அதிகம் இழுப்பது நீலமும் பச்சையும். ஆரஞ்சு, சிவப்பு அவ்வளவாக இழுப்பதில்லை. ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது, மறைப்புதான் முதலில். ஜனவரி பிறந்தால் படுக்கப் போகும்போது கடல் பக்க விளக்கை அணைத்துவிட வேண்டும்.

நல்லவேளை, பண்டிகை விளக்குகளில் பாதி இந்தப் பருவத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. தீபாவளியும் கார்த்திகையும் தாராளமாகக் கொண்டாடலாம். வாசலில் வரிசையாக அகல் ஏற்றி வைப்பதைத் தடுக்க ஆமைக்கு மனசு வராது! கோவளம் பக்கத்து மீனவர் வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு தொங்கும் அழகே தனி. பொங்கலைத் தாண்டியும் அது தொங்கினால், அதைத் தெரு பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

உப்புக்காற்றுக்குத் தாங்குமா?

கடலோரத்தில் இரும்பு லாந்தர் வாங்குவது காசைக் கடலில் போடுவது. கறுப்புப் பெயின்ட் அடித்த தகர லாந்தர் கடையில் ஜோராக இருக்கும். முட்டுக்காட்டு உப்புக்காற்றில் மூட்டுகளில் துரு கிளம்ப அதிக நாள் ஆகாது. பித்தளை, செம்பு என்றால் பச்சைக் களிம்பு பிடிக்கும், அவ்வளவுதான். புளி போட்டுத் தேய்த்தால் போயிற்று. களிம்பு பிடித்த நிறமே அழகு என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு, எண்ணெய் ஊற்றாத விளக்காக இருந்தால் அதுவும் சரிதான். மண் விளக்குக்கு இந்தக் கவலையே இல்லை. துளையிட்ட மண் லாந்தர்கள் சுவரில் போடும் நிழலுக்கு எந்தப் பித்தளையும் ஈடாகாது. ஆனால் கொக்கியில் தொங்கவிட்டால் கடற்காற்று சுழற்றி மோதும், தரையிலோ திண்ணை ஓரத்திலோ வைப்பதுதான் நல்லது.

மண்ணெண்ணெய் ஊற்றி நிஜமாகவே எரிக்க ஆசைப்படுகிறவர்கள் வாசலில் எரிக்கட்டும். மூடிய ஏ.சி. அறைக்குள் கூடவே கூடாது. மெழுகுவத்தி லாந்தராக இருந்தாலும் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

எத்தனை லாந்தர் வேண்டும் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வரவேற்பறையில் எட்டு, பால்கனியில் ஆறு என்று மாட்டிவிட்டு, மேலே டியூப் லைட்டையும் போட்டால் லாந்தர் இருப்பதே தெரியாது. அது எரிகிறதா இல்லையா என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தட்சிணசித்ராவின் வீடுகளுக்குள் நின்றால் இது தானாகப் புரியும். அந்த அரையிருட்டில் ஒரு மூலையில் ஒரே ஒரு சுடர் வைத்தால் போதும், அறை முழுக்க உயிர் வந்துவிடும். ஒரே குறை, விளக்கேற்றும் நேரம் வரும்போது வளாகத்தை மூடிவிடுவார்கள். அதனால் கடைசி ஒரு மணி நேரம் முற்றம் உள்ள வீடு ஒன்றில் உட்கார்ந்துவிடுவது நல்லது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, மறந்து போய்விடாதீர்கள்.

கடலோரத்தில் வீடு இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. புது லாந்தரை மாட்டிய அன்று ராத்திரி, அதை எரியவிட்டுவிட்டு மணலில் இறங்கி அலை வரைக்கும் நடந்து போங்கள். அங்கே மணலோடு மணலாகக் குனிந்து, ஒரு குஞ்சு ஆமையின் உயரத்திலிருந்து உங்கள் வீட்டைத் திரும்பிப் பாருங்கள். பல்பு கண்ணில் பட்டால், தகட்டை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும்.