சம்பந்தி வீட்டு இரட்டைக்குழல்

"தாத்தா, கரெக்டா உக்காருது பாருங்க!"

பேரன் கையில் இருந்தது அவனுடைய எள்ளுத்தாத்தா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி. நடுவில் மடித்துத் திறந்த வாக்கில் மேஜைமேல் கிடத்தி, அவன் அப்பா வழித் தாத்தா, அதாவது என் சம்பந்தி, கடையில் வாங்கி வந்த புதுத் தோட்டா ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி.

எனக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் திருச்சி பாய்லர் ஆலையில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக் காலம் தரப் பரிசோதனைப் பிரிவு. அழுத்தம் தாங்கும் குழாய் எதைப் பார்த்தாலும் என் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான். கேட்டும் விட்டேன்.

"இதோட சுவர் தடிமன் என்ன?"

சம்பந்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அம்பது வருஷம் எங்க தாத்தா இதுலதான் சுட்டார். ஒண்ணும் ஆகலையே" என்றார்.

இது நடந்தது அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில். மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. ஆறு மாதம் தங்கிப் போக வந்திருந்தோம். அந்தப் பக்கம் குளிர் தொடங்கினால் வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்கும். கனடா வாத்துகள் ஊளையிடுகிற மாதிரி கத்திக்கொண்டு வீட்டுக் கூரைக்கு மேலேயே போகும். வாத்து வேட்டை அங்கே பரம்பரைப் பழக்கம். சம்பந்தி, அவர் அப்பா, அவருக்கு அப்பா என்று எல்லோரும் போனவர்கள். பேரனுக்கு 16 வயது முடிந்திருந்தது. பயிற்சி வகுப்பு முடித்து, உரிமமும் எடுத்தாயிற்று. இந்த முதல் சீசனுக்குக் குடும்பத்துத் துப்பாக்கியைத்தான் தூக்கிப் போவேன் என்று அடம்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. அவள் பிறந்தது வேடந்தாங்கல் பக்கம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் போய் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு 1798-லேயே உத்தரவு வாங்கிய மண். "வந்த விருந்தாளியைச் சுடறதா?" என்று தமிழில் என்னிடம் மட்டும் முணுமுணுத்தாள். இந்தியாவில் இன்று சட்டப்படி வேட்டையே குற்றம். அங்கே அது உரிமம், சீசன், ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற கணக்கோடு நடக்கிற விஷயம். 16 வயது ஆனவர்கள் 'டக் ஸ்டாம்ப்' என்று 25 டாலருக்கு ஒரு முத்திரை வாங்க வேண்டும். 1934-லிருந்து இருக்கிறது. அந்தப் பணத்தில்தான் அரசு சதுப்பு நிலங்களை வாங்கிப் பறவைகளுக்காகக் காக்கிறது. சுடுகிறவன் காசில் சரணாலயம்! எனக்கு இன்னும் முழுசாகச் செரிக்காத கணக்குதான். ஆனால் என் கவலை அப்போது வாத்தைப் பற்றி இல்லை. குழலுக்குப் பக்கத்தில் இருக்கப்போகிற பேரனின் கையும் கண்ணும்.

சம்பந்தி கெட்டிக்காரர், பிடிவாதக்காரரும்கூட. நேரடியாக எதிர்த்தால் நடக்காது. "நான் வேலை செஞ்ச இடத்துல, நேத்து வெடிக்காத குழாய்னு யாரும் சான்றிதழ் குடுக்க மாட்டாங்க. அளந்துதான் குடுப்பாங்க. ஒரு தடவை அளந்துடலாமே" என்றேன். இரண்டு நாள் கழித்து, இரண்டு துப்பாக்கிகளையும் வண்டியில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத் தொலைவில் பழைய துப்பாக்கிகளைச் சீர்செய்யும் ஒருவரிடம் மூவரும் போனோம்.

இரண்டு என்றேனே. ஒன்று எள்ளுத்தாத்தாவின் 12 கேஜ், பெல்ஜியத்தில் செய்தது. இன்னொன்று கொள்ளுத்தாத்தா 1920-களில் வாங்கிய 16 கேஜ், அமெரிக்கத் தயாரிப்பு. இந்த 'கேஜ்' கணக்கு தலைகீழானது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டையாக்கினால், ஒரு உருண்டையின் விட்டம்தான் 12 கேஜ் குழலின் விட்டம். எனவே 16 கேஜ் குழல் அதைவிடச் சின்னது.

அந்த மனிதர் பேசுவதற்கு முன் விளக்கைக் குழலுக்குள் அடித்துப் பார்த்தார். பிறகு, தோட்டா உட்காரும் அறையை அளந்தார். இரண்டிலும் 65 மில்லிமீட்டர். சம்பந்தி வாங்கியிருந்த தோட்டா 70.

"ஆனா உள்ளே சரியா போச்சே!" என்றான் பேரன்.

"அதுதான் கண்ணா ஆபத்து" என்று ஆரம்பித்தார் அவர். தோட்டாப் பெட்டியில் எழுதியிருக்கும் நீளம், சுட்ட பிறகு இருக்கும் நீளம். சுடுவதற்கு முன் அதன் வாய், மளிகைக் கடைப் பொட்டலம் போல உள்பக்கமாக மடித்து மூடியிருக்கும். அதனால் குட்டையாக இருக்கும். குட்டை அறைக்குள்ளும் இடிக்காமல் போய்விடும். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடம் வேண்டும். அறை குட்டையென்றால், விரிகிற வாய் முன்னால் குறுகும் பகுதிக்குள் போய் மாட்டும். வழி இன்னும் குறுகும். பின்னால் எரிகிற மருந்தின் அழுத்தம் எகிறும். ஐந்தே மில்லிமீட்டர்.

நான் தலையாட்டினேன். வால்வைப் பாதி மூடிவிட்டு உலையை முழுசாக எரிய விட்டால் என்ன ஆகுமோ அதுதான்.

அடுத்தது குண்டுகள். சம்பந்தி வாங்கியிருந்தது ஸ்டீல் குண்டுத் தோட்டா. அவருடைய புதுத் துப்பாக்கிக்கு வருஷாவருஷம் வாங்குவதுதான். பெட்டிமேல் 'நச்சற்றது' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதைப் பாதுகாப்பானது என்று படித்துக்கொண்டுவிட்டார்கள் இருவரும். அந்த வார்த்தை வாத்துக்காக எழுதியது, துப்பாக்கிக்காக இல்லை.

அதன் கதை இது. முன்பெல்லாம் குண்டு என்றால் ஈயம்தான். ஒரு அவுன்ஸ் எடையில் 6-ம் எண் ஈயக் குண்டு சுமார் 225 இருக்கும். வாத்தின்மேல் படுவது நாலோ ஐந்தோ. மற்றதெல்லாம் தண்ணீருக்கு அடியில் சேற்றில். பறவைக்குப் பல் கிடையாது. இரையை அரைக்க மணலும் சிறுகல்லும் பொறுக்கி விழுங்கி, வயிற்றில் இருக்கும் தடித்த பையில் வைத்துக்கொள்ளும். கல் என்று நினைத்து ஈயத்தை விழுங்கும். அது அரைபட்டுக் கரைந்து ரத்தத்தில் ஏறும். சுடப்படாத வாத்தும் வாரக்கணக்கில் மெலிந்து சாகும். அதைத் தின்கிற வெண்தலைக் கழுகுக்கும், அமெரிக்காவின் தேசியச் சின்னத்துக்கும், அதே விஷம். இதனால்தான் 1991-லிருந்து அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்குத் தடை. சட்டைப் பையில் வைத்திருந்தாலே குற்றம்.

"வீட்டுல பழைய ஈயத் தோட்டா ரெண்டு பெட்டி இருக்கு. இந்தத் துப்பாக்கிங்க பொறந்ததே அதுக்குத்தானே" என்று சம்பந்தி மெதுவாக இழுத்தார். பேரன் அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

ஈயம் மெத்தென்ற உலோகம். பழைய வேட்டைத் துப்பாக்கிகளில் குழலின் வாய்ப்பக்கம் லேசாக நெருக்கியிருக்கும், குண்டுகள் சிதறாமல் கூட்டமாகப் போக. 'சோக்' என்கிறார்கள். ஈயக் குண்டுகள் அங்கே நசுங்கி வளைந்து கொடுத்து வெளியேறும். ஸ்டீல் வளைந்து கொடுக்காது. நம்மூரில் பால்ரஸ் குண்டு என்போமே, அந்த மாதிரி. பழைய குழலோ இன்றைய உருக்கைவிட மெதுவானது. உள்ளே கீறல் விழும், வாய்க்குப் பக்கத்தில் மோதிரம் போட்ட மாதிரி வீங்கும், இரண்டு குழலையும் இணைத்த பற்றவைப்பு விட்டுப்போகும். ஸ்டீல் எடையும் குறைவு. தண்ணீரைவிட ஈயம் 11.3 மடங்கு கனம், ஸ்டீல் சுமார் 7.8. எடைக் குறைவை ஈடுகட்டப் பெரிய குண்டும் அதிக வேகமும் வைப்பார்கள். பழைய துப்பாக்கிக்கு அதுவும் கெடுதல்.

"அப்ப என்னதான் போடறது?" என்றேன்.

"பிஸ்மத்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் வீட்டில் வயிறு சரியில்லை என்றால் கொடுக்கும் ரோஸ் நிற மருந்து, பெப்டோ-பிஸ்மால். அதில் இருக்கும் பிஸ்மத்தேதான். தனிம அட்டவணையில் ஈயம் 82, பிஸ்மத் 83. பக்கத்து வீடு. ஒருவன் விஷம், மற்றவன் வயிற்றுக்கு மருந்து. தனியாக இருந்தால் நொறுங்கும் என்பதால் கொஞ்சம் வெள்ளீயம் கலந்து குண்டு செய்கிறார்கள். கனம் 9.6 மடங்கு, ஈயத்துக்குக் கிட்டத்தட்ட. ஸ்டீல் போலக் குழலைக் கீறாது. விலைதான் ஸ்டீலைப் போலப் பல மடங்கு. டங்ஸ்டன் குண்டும் உண்டு. அதில் ஸ்டீலைவிடக் கடினமான வகையும், பிளாஸ்டிக்கோடு பிசைந்த மெத்தான வகையும் இருப்பதால், பெயரை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது என்றார். பிஸ்மத் என்றாலும் 65 மில்லிமீட்டர் நீளத்தில், பழைய துப்பாக்கிக்கென்றே குறைந்த அழுத்தத்தில் செய்ததாக இருக்க வேண்டும். இன்றைய 12 கேஜ் தோட்டா சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு அழுத்தம் வரை போகலாம் என்பது அங்குள்ள தொழில்துறை வரம்பு. பழைய குழல்களை அதற்காக யாரும் செய்யவில்லை.

இதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் டயல் கேஜை எடுத்தார்.

16 கேஜின் சுவர் முழுக்க நல்ல தடிமன். குழிகள் இல்லை. பேரன் மூச்சு விட்டான்.

12 கேஜ் அப்படி இல்லை. அது 'டமாஸ்கஸ்' குழல். இரும்புக் கம்பியும் உருக்குக் கம்பியும் சேர்த்து முறுக்கி, உருளையைச் சுற்றி வளைத்து, அடித்து அடித்தே ஒட்டவைத்தது. அந்த முறுக்கு மேலே பட்டுச்சேலைச் சரிகை மாதிரி நெளிநெளியாகத் தெரியும். அழகுக்குச் சொல்லவே வேண்டாம். டமாஸ்கஸ் என்றாலே வெடிக்கும் என்பதும் சரியில்லையாம். பிரிட்டனில் அளந்து, சோதனை வெடி வெடித்து, தேறியவற்றை இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இதை என்றோ யாரோ, உள்ளே விழுந்த குழிகளை மறைக்கக் கடைந்து தேய்த்திருக்கிறார்கள். வலது குழலில் ஓர் இடத்தில் முள் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போய் நின்றது. இடது கைப்பிடி படும் இடத்துக்குச் சற்றே முன்னால்.

சம்பந்தி எட்டிப் பார்த்தார். இரண்டாம் முறை அளக்கச் சொன்னார். அளந்தார். அதே எண்.

திரும்பும்போது அவர் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினார். பாதி வழியில், "என் அஞ்சு வயசுல இதைத் தொட விட்டாரு தாத்தா" என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கிளம்பும்போது கடைக்காரர், "வீட்டில் வேறு கேஜ் இருக்கிறதா?" என்று கேட்டார். சம்பந்தியம்மாவிடம் ஒரு 20 கேஜ் உண்டு. அந்தத் தோட்டா ஏன் எப்போதும் மஞ்சள் நிறம் என்று அன்றுதான் தெரிந்தது. அது 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் கிழியும். அன்று மாலையே சம்பந்தி தன் வேட்டைக் கோட்டின் பைகளைக் கவிழ்த்தார். பச்சையும் சிவப்புமாக விழுந்த தோட்டாக்களுக்கு நடுவே மஞ்சளும் இரண்டு இருந்தன.

டிசம்பரில் ஒரு விடியற்காலை, நாணல் மறைப்புக்குள் நானும் உட்கார்ந்திருந்தேன். விரல் மரத்துப்போகும் குளிர். தண்ணீரில் பொம்மை வாத்துகள் ஆடிக்கொண்டிருந்தன. பேரன் முதல் இரண்டும் தவறவிட்டான். மூன்றாவது வெடியில் பச்சைத்தலை வாத்து ஒன்று விழுந்தது. நாய் நீந்திப் போய்க் கவ்வி வந்தது. அவன் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. சூடாக இருந்த பறவையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றான். துப்பாக்கியை நான் வாங்கிக் குழல் வாயை விரலால் தடவினேன். வீக்கம் இல்லை. பழைய தொழில் புத்தி.

வீட்டில் சம்பந்தி வாத்தைச் சுத்தம் செய்தார். அந்தத் தடித்த பையை அறுத்து, உள்ளே இருந்ததை வெள்ளைத் தட்டில் தேய்த்துப் பார்த்தார். அவர் அப்பா செய்வாராம். மணல், உடைந்த விதைகள். ஈயம் இல்லை. என் மனைவி சாப்பிடவில்லை, ஆனால் தட்டை வந்து எட்டிப் பார்த்தாள்.

டமாஸ்கஸ் இப்போது கணப்பு அடுப்புக்கு மேலே சுவரில் இருக்கிறது. நாங்கள் ஊருக்குக் கிளம்பும் முன் சம்பந்தி அதன் விசைக் காப்பில் ஒரு பித்தளைத் தகடு கட்டினார். அதில் அவரே ஆணியால் பொறித்திருந்தார்: வலது குழல் அளவு, அளந்த தேதி, கீழே 'சுடக் கூடாது'. பேரன் அதே மூன்று சொற்களைத் தமிழில் எழுதித்தரச் சொல்லி என்னிடம் வந்தான். இரண்டு சொல்தான்டா என்றேன்.