நெய்யூர் பஸ்ஸில் யோசித்தது

நான் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து தினமும் நெய்யூர் வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன். அங்கே மிஷன் மருத்துவப்பணி தொடங்கியது 1838-இல். எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல், லண்டனில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு இந்த ஊர் நோயாளிகளிடம் வந்தார். அவர் வந்த ஊரிலிருந்து நான் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பலாமா என்று மூன்று மாதமாக யோசிக்கிறேன்.

கைக்கு வரும் சம்பளத்தில் படிப்புக் கடனின் வட்டிதான் கழிகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

“ஒனக்க இஷ்டம் மக்களே” என்றாள் அம்மா. ஆனால் 2014-இல் ஈராக்கின் திக்ரித்தில் சிக்கிய 46 நர்சுகள் கொச்சியில் வந்து இறங்கியதை டிவியில் பார்த்து அழுதவள் அவள். ராத்திரி எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு ஏஜெண்ட் மூன்று லட்சம் கேட்டார், ரசீது கிடையாதாம். சட்டப்படி பதிவுபெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். தமிழக அரசுக்கே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, 1978 முதல். இது எங்கள் வார்டில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை.

ஜெர்மனிக்குப் போகலாம் என்று ஜெர்மன் மொழி படிக்கச் சேர்ந்துவிட்டேன். பி2 நிலை வரை போக வேண்டும், மெதுவாகத்தான் நடக்கும். அதுவரை இங்கேயே டியூட்டி.

கிளம்ப நினைக்கும் பிள்ளைகளே, ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பணமோ அசல் சான்றிதழோ கொடுத்துவிடாதீர்கள்.